நாலு விரல் தூரத்தில் நின்ற கை

அத்தியாயம் 19

பதினேழு நாளாக அன்ரனிதாஸ் மகளோடு நேரே பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மனைவி ஜசிந்தா மூலமாகவே சொல்லி வந்தார். மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து புட்டுச் சாப்பிடும்போதும் இதே கதைதான். சம்பல் கிண்ணம் நிலக்சனாவின் கைப்பக்கம் இருக்கும். அதை இங்காலே தள்ளச் சொல்லு என்று ஜசிந்தாவைப் பார்த்துச் சொல்வார். நிலக்சனா தள்ளிவிட்டு, தள்ளியாயிற்று என்று அம்மாவிடம் சொல்வாள். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து நோகிறது என்று ஒருநாள் ஜசிந்தா தட்டோடு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

காரணம் ஊர்காவற்றுறை முழுவதற்கும் தெரியும். நிலக்சனா ஒன்பது வருடம் குத்துச்சண்டை ஆடியவள். தேசியப் போட்டிகளில் ஒரு தங்கமும் இரண்டு வெள்ளியும் வாங்கியவள். மூன்றும் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், மாதாவின் படத்துக்குக் கீழே தொங்குகின்றன. சென்ற வருட இறுதிப் போட்டியில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருத்தியிடம் அவள் தோற்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் தகப்பனிடம் ஒன்று சொன்னாள்.

"கவலை வருமெண்டு பார்த்துக்கொண்டிருந்தனான் அப்பா. வரேல்லை."

அன்ரனிதாசுக்கு அது அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. தோற்றால் கவலை வரவேண்டும். வலையில் ஒன்றும் படாமல் கரைக்கு வந்தால் வராதா?

பிறகுதான் தீவுப் பகுதியில் சண்டைப் படம் ஒன்று எடுக்கக் குழுவொன்று வந்தது. அடிக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டார்கள். நிலக்சனா ஓம் என்றாள். அடுத்த மாதம் கொழும்பில் தேசிய அணிக்கான தெரிவுப் போட்டி. அதற்குப் போகப் போவதில்லை என்று பயிற்றுநர் ஜெனுஷனுக்கு அவளே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு மூடிய வாயை அன்ரனிதாஸ் இன்னும் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் ஜெனுஷனைப் போனில் எடுத்து, அவளுடைய இடத்தை இன்னும் கொஞ்ச நாளைக்கு வைத்திருக்கும்படி கெஞ்சியது மட்டும் வேறு கதை.

போன கிழமை ஒத்திகையில் நடந்ததையும் ஊர் அறியும். அவளோடு சண்டை பிடிப்பவனாக நடிக்கும் பிரசாந்தன் காரைநகர்ப் பெடியன். கராத்தே படித்தவன், நல்ல பிள்ளை. முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய நிலக்சனாவின் வலது கை நிற்கவில்லை. அவனுடைய கீழ்ச் சொண்டில் மூன்று தையல். இன்னொரு முறை பட்டால் அவளுக்குப் பதிலாகக் கொழும்பில் இருந்து நடனம் படித்த பெண் ஒருத்தியைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் நிலக்சனாவுக்கு அதிகம் சுட்டது.

இன்றைக்கு அந்தக் காட்சியைப் படம் பிடிக்கும் நாள்.

விடிய ஐந்தரைக்கே ஜசிந்தா பால் கஞ்சி காய்ச்சிச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தையல் போட்ட வாயோடு அந்தப் பெடியன் பாண் கடிக்க மாட்டான் என்பது அவளுடைய கவலை. போத்தலை மகளிடம் கொடுத்துவிட்டு அன்ரனிதாசின் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்காவது ஒரு நல்ல சொல்லுச் சொல்லி விடுங்கோவன்."

அவர் வள்ளத்து மிசினுக்கு எண்ணெய் ஊற்றும் கானைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

படத்துக்கு இறங்குதுறையில் ஆறு வள்ளங்கள் கட்டியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கடற்றொழிலாளர் சங்கம் ஆறு பேரைத் தெரிவு செய்தது, அதில் அன்ரனிதாசும் ஒருவர். ஏலாது என்று அவர் சொல்லியிருக்கலாம். சங்கத்தின் சொல்லைத் தட்டக் கூடாது என்று ஜசிந்தாவிடம் சொன்னார். உண்மை அதுவல்ல. மகள் பிழைவிடுவதை அவர் பார்க்க விரும்பினார். அவள் பிழைவிட்டால், அவர்கள் அனுப்பிவிட்டால், அடுத்த மாதம் கொழும்புக்கு பஸ் ஏறலாம். ஒரு தகப்பன் இப்படி நினைக்கலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் அவர் வேறு ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொள்வார்.

*

ஆறரைக்குள் இறங்குதுறை வேறு இடமாகிவிட்டது. கறுத்தக் கேபிள்கள் சீமெந்தில் பாம்புபோலக் கிடந்தன. வெள்ளைத் துணி கட்டிய பலகைகளை இரண்டு பேர் வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பிடித்தார்கள். கமராக்காரன் கமராவை இடுப்போடும் தோளோடும் கட்டிக்கொண்டு, கர்ப்பிணிப் பெண்போலக் கவனமாக நடந்து பழகினான்.

அன்ரனிதாசின் வள்ளம் துறையோடு ஒட்டிக் கட்டியிருந்தது. பின்தட்டில் குந்தியிருந்தால், மேலே நிற்பவர்களின் பாதங்கள் அவருடைய கண்ணுக்கு நேரே வரும். அது அவருக்கு வாய்ப்பாகத்தான் இருந்தது. குத்துச்சண்டையில் கையைப் பார்ப்பவன் புதியவன். ஒன்பது வருடத்தில் அவர் காலைப் பார்க்கப் பழகியிருந்தார்.

காட்சி இதுதான். நிலக்சனாவும் பிரசாந்தனும் துறையின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் வெறுங்காலோடு சண்டை பிடித்துக்கொண்டே போக வேண்டும். குத்தும் வீச்சுமாக மொத்தம் இருபத்து மூன்று அடிகள். நடுவில் நிறுத்தம் இல்லை. கமரா அவர்களைச் சுற்றிச் சுற்றி வரும், ஒரே மூச்சில் முடிய வேண்டும். பதினேழாவதில் பிரசாந்தன் வீசும் கைக்குக் கீழால் அவள் குனிந்து, நிமிர்ந்து, வலது கையால் அவனுடைய முகத்துக்கு நேரே குத்த வேண்டும். குத்து நாலு விரல் முன்னால் நிற்க வேண்டும். அவன் அடிபட்டவன்போலத் தலையைப் பின்னால் எறிவான். போன கிழமை சொண்டு கிழிந்ததும் அந்தப் பதினேழில்தான். பத்து மணிக்குக் காரைநகரில் இருந்து ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மிதவைப் பாதை என்கிற தட்டைப் படகு வந்துவிடும். அதற்குள் துறையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இந்த இருபத்து மூன்றையும் அமைத்தவர் சரோஜினிதேவி. புங்குடுதீவு இறுப்பிட்டியில் பிறந்து, பதினொரு வயதில் தாய் தகப்பனோடு பிரான்சுக்குப் போனவர். அங்கே நடிகைகளுக்குப் பதிலாகப் படிக்கட்டில் உருளுவதும் கூரையால் விழுவதும் ஓடுகிற காரில் இருந்து பாய்வதும் இருபத்தைந்து வருடமாக அவருடைய தொழில். இப்போது ஐம்பதுக்குக் கிட்ட. இடது முழங்கால் சரியாக மடங்காது, கொஞ்சம் விந்தி விந்தி நடப்பார். குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா.

முதல் தடவை நிலக்சனாவின் கை ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவதும் நாலாவதும் வேறுமாதிரி இல்லை. டைரக்டர் சின்னத் திரையில் பார்த்துவிட்டு சரியில்லை என்று தலையை ஆட்டினார்.

அன்ரனிதாசுக்குத் திரை தேவைப்படவில்லை. அவளுடைய வலது குதிக்கால் எழும்பவில்லை. றிங்குக்குள் அந்தக் கை போகும்போது குதி நிலத்தை விட்டு எழும்பித் திரும்பும், அதோடு இடுப்புத் திரும்பும், பிறகுதான் தோள், பிறகுதான் கை. இன்றைக்குக் குதி செத்துக் கிடந்தது. கை மட்டும் தனியாகப் போய் வந்தது. பயம். ஒன்பது வருடத்தில் அவளைவிட இரண்டு அங்குலம் உயரமான பெண்களுக்கு முன்னால் அவள் நின்றதை அவர் பார்த்திருக்கிறார், பயந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்போது சரோஜினிதேவி விந்தி வந்து நிலக்சனாவின் பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்தார்.

"உம்மடை குதி நித்திரை கொள்ளுது."

அன்ரனிதாஸ் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார். அது அவருடைய வாயில் இருந்த சொல்.

சரோஜினிதேவி பிரசாந்தனை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவனுடைய இடத்தில் தானே போய் நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தனக்கு அடிக்கும்படி சொன்னார். ஏலாது அக்கா, பட்டுவிடும் என்றாள் நிலக்சனா. பட்டால் தான் ஆசுப்பத்திரிக்குப் போவதாகவும், அது தன்னுடைய வேலை என்றும் சரோஜினிதேவி சொன்னார். பிறகு நாலு விரலை ஒட்டி மூக்குக்கு முன்னால் வைத்துக் காட்டினார்.

"என்ரை முகத்துக்கு அடியாதையும். இந்த விரல் நிக்கிற இடத்துக்கு அடியும். முழு மூச்சா அடியும். நீர் அடிக்கிற ஆள் இஞ்சைதான் நிக்கிறா. இதுக்கு அங்காலை ஒருத்தரும் இல்லை."

விரலை எடுத்துவிட்டுக் கையைத் திரும்பவும் பின்னால் கட்டிக்கொண்டார்.

துறையில் நின்ற இருபது முப்பது பேரும் பேச்சை விட்டார்கள். நிலக்சனா மூச்சை இழுத்தாள். குதி எழும்பியது. கை போனது, நின்றது. சரோஜினிதேவியின் நெற்றிமயிர் ஒருதரம் எழும்பி விழுந்தது. இமை அசையவில்லை.

இன்னொருதரம் என்றார். இன்னொருதரம். மூன்று முறையும் அந்தக் கண்கள் திறந்தபடியே இருந்தன. குத்து வரும்போது கண்ணை மூடாத மனிதரை அன்ரனிதாஸ் அதுவரை கண்டதில்லை. தேசிய வீராங்கனைகளும் மூடுவார்கள், தன்னுடைய மகளும் மூடுவாள், அது உடம்பின் குணம். இந்த அம்மா அந்தக் குணத்தை எங்கேயோ ஒரு கூரையில் விட்டுவிட்டு வந்திருந்தார். வள்ளத்தின் விளிம்பைத் தான் இறுக்கிப் பிடித்திருந்ததைக் கை நொந்த பிறகுதான் அவர் கவனித்தார்.

ஆனால் சரோஜினிதேவி மரம்போல நின்றார். பிரசாந்தன் ஓடுகிறவன், வீசுகிறவன், அதோடு பயந்தவன். ஐந்தாவது தடவையும் ஆறாவது தடவையும் நிலக்சனாவின் கை சரியாகப் போக, பிரசாந்தன் பதினாறிலேயே கண்ணை இறுக்கி மூடினான். இடைவேளையில் அவள் கஞ்சிப் போத்தலை அவனிடம் நீட்டி, தன்னில் நம்பிக்கை இல்லையா என்று மெல்லக் கேட்டாள்.

அவன் வாயைக் கோணலாக வைத்துக் கஞ்சியை உறிஞ்சினான். "எனக்கு இருக்கு. சொண்டுக்குத்தான் இல்லை."

அவள் சிரித்தாள். பதினேழு நாளுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அன்ரனிதாஸ் கேட்டார். வீட்டில் அவள் சிரிக்காமல் இருந்ததே அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒன்பதே முக்காலுக்கு அக்கரையில் மிதவைப் பாதை புறப்படுவது தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று டைரக்டர் கையைத் தட்டிச் சொன்னார்.

அப்போதுதான் அன்ரனிதாசின் மனதில் அந்த நினைவு எழுந்தது. போட்டி நடக்கும் மண்டபங்களில் அவர் எப்போதும் மகளின் மூலைக்குக் கிட்டவே இருப்பார். எதிரே நிற்பவளின் கை தாழ்ந்து முகவாய் நாடி ஒரு கணம் திறக்கும்போது, "இப்ப" என்று ஒரு சொல் கத்துவார். அந்தச் சொல் கேட்டால் நிலக்சனாவின் வலது கை போகும். யோசித்துப் போவதில்லை, தானாகப் போகும். தங்கம் வாங்கிய போட்டியின் கடைசிக் குத்தும் அப்படிப் போனதுதான். அவளுடைய கை உங்களின் தொண்டையில் கட்டியிருக்கிறது என்று ஜெனுஷன் பகிடி பண்ணுவார்.

இந்தத் துறையில் அவளுடைய கையை விட்டெறிய வைக்கக் கூடிய ஒரே ஆள் தான்தான் என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு சொல் போதும். அப்படிச் செய்யப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

தொடங்கினார்கள்.

இந்தத் தடவை முதல் அடியில் இருந்தே வேறுமாதிரி இருந்தது. இரண்டு பேரின் பாதங்களும் ஒரே மேளத்துக்கு ஆடுவதுபோலச் சீமெந்தில் விழுந்தன. ஐந்து, ஆறு, ஏழு. கமரா சுற்றி வந்தது. பத்தாவதில் அவள் துறையோரத்துக் கட்டைச் சுவரில் ஒரு காலை ஊன்றித் திரும்பியபோது சங்கத்துத் தலைவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பதின்மூன்று, பதினாலு. பிரசாந்தன் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

பதினாறில் அவனுடைய கால் நனைந்த சீமெந்தில் வழுக்கியது. விழவில்லை. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு அடி உள்ளே வந்துவிட்டான். வீசிய கை அகலத் திறந்தது. நாடி வெளியே வந்தது. அன்ரனிதாஸ் ஒன்பது வருடம் காத்திருந்து காத்திருந்து பழகிய அதே கணம்.

"இப்ப!"

தான் கத்தியதை அவர் தன் காதால்தான் அறிந்தார்.

குதி எழும்பியது. இடுப்புத் திரும்பியது. தோள் போனது. அது நடிப்பின் குத்து இல்லை, தங்கம் வாங்கிய குத்து. அது புறப்பட்டால் பிறகு ஒருவராலும் ஒன்றும் செய்ய ஏலாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கண்ணை மூட நினைத்தார், முடியவில்லை.

கை நின்றது.

பிரசாந்தனின் மூக்குக்கு நாலு விரல் முன்னால் நின்றது. அவன் ஒரு அடி கிட்ட வந்திருந்தும் அந்த நாலு விரல் நாலு விரலாகவே இருந்தது. அவனுடைய சட்டைக் கழுத்து காற்றில் படபடத்து அடங்கியது. அவளுடைய முதுகு நரம்பெல்லாம் முறுக்கிய கயிறுபோலப் புடைத்து நின்றன. ஒரு கணம்தான். பிறகு பிரசாந்தன் தலையைப் பின்னால் எறிந்தான். பதினெட்டு. பத்தொன்பது. இருபத்து மூன்று வரை இருவரும் ஒரு தப்பும் இல்லாமல் ஆடி முடித்தார்கள்.

யாரும் கை தட்டவில்லை. சுற்றி நின்றவர்கள், கோயிலில் நடுப்பூசை நேரத்தில் நிற்பதுபோல நின்றார்கள். கடற்காகம் ஒன்று கத்திக்கொண்டு போனது.

அன்ரனிதாஸ் வள்ளத்தில் அப்படியே இருந்தார். முப்பத்தைந்து வருடமாகக் கடலில் நின்றவர் அவர். முழு வேகத்தில் வரும் வள்ளத்தைத் துறைக் கல்லுக்கு நாலு விரல் முன்னால் நிறுத்த யாராலும் ஏலாது. அந்த வேகம் எங்கேயாவது போக வேண்டும். கல்லை உடைக்க வேண்டும், இல்லையென்றால் வள்ளத்தை உடைக்க வேண்டும். இவளுடைய குத்தின் வேகம் எங்கே போனது?

பிறகு அவர் பாதத்தைப் பார்த்தார். நிலக்சனாவின் இடது காலின் பெருவிரல் நகம் பிளந்து சீமெந்தில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவ்வளவு பாரத்தையும் அவள் தன்னுடைய உடம்புக்குள்ளேயே இழுத்து அந்த ஒரு விரலால் நிலத்துக்குள் இறக்கியிருந்தாள். குத்தத் தெரிந்த மகளை அவர் ஒன்பது வருடமாக அறிவார். இந்தப் பெண்ணை இன்றைக்குத்தான் காண்கிறார்.

ஒலிப்பதிவுக்காரன் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, யாரோ நடுவில் கத்தினார்கள் என்றான். எல்லோரும் வள்ளங்களின் பக்கம் திரும்பினார்கள். சத்தத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், படம் கிடைத்துவிட்டது என்று திரையைப் பார்த்துக்கொண்டே டைரக்டர் சொன்னார். சரோஜினிதேவி மட்டும் துறையின் விளிம்புக்கு வந்து, கீழே இருந்த அன்ரனிதாசைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மிதவைப் பாதை வந்து மோதியது. ஆட்கள் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். அந்தச் சந்தடிக்குள் அன்ரனிதாஸ் மேலே ஏறி, கேபிள் சுருளுக்கு மேல் இருந்து கால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்த மகளின் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் கத்தினனான்."

"தெரியும் அப்பா."

"வேணுமெண்டு கத்தினனோ, பழக்கத்தில கத்தினனோ எண்டு எனக்கே தெரியேல்லைப் பிள்ளை."

நிலக்சனா விரலில் கசிந்த இரத்தத்தை இன்னொருதரம் ஒற்றி எடுத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"எனக்குக் கேட்டது. கை போயிட்டுது. பிறகு நான் கூப்பிட்டனான். திரும்பி வந்திட்டுது." அவளே அதை நம்பாதவள்போலத் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "முந்தி ஒருநாளும் அது நான் கூப்பிட்டு வந்ததில்லை அப்பா."

அவர் குந்தி இருந்து, தோளில் கிடந்த துவாயின் நுனியைக் கிழித்து அவளுடைய விரலில் கட்டினார்.

*

மத்தியானம் வீட்டில் ஜசிந்தா முழுவதையும் கேட்டாள். நிலக்சனா சோர்ந்து உள்ளே படுத்துவிட்டாள். சொன்னது அன்ரனிதாஸ். தான் கத்தியதையும் மறைக்கவில்லை. அந்த இடம் வந்தபோது ஜசிந்தா கறி கிளறிய அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்கமாட்டார். ஆனால் கதையை நிறுத்தவும் விடவில்லை. எப்படி நின்றது, எவ்வளவு தூரத்தில் நின்றது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

சொல்லில் அடங்கவில்லை. அவர் எழும்பிக் குசினிக் கதவுக்கு முன்னால் நின்று, நாலு விரலை வைத்து அளந்து காட்டி, முழு மூச்சோடு குத்தி நிறுத்திக் காட்டப் பார்த்தார். கதவு அதிர்ந்தது. விரல் முட்டி நாலும் தோல் உரிந்தது. ஜசிந்தா சிரிக்கவும் மாட்டாமல் கோபப்படவும் மாட்டாமல் மஞ்சளை எடுத்து வந்து பூசினாள்.

"அப்ப அது லேசான வேலை இல்லைப் போல."

"நான் ஒன்பது வருஷமா விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறன்," என்றார் அவர்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். ஜெனுஷனோடு நீண்ட நேரம் பேசவில்லை. அவளுக்கென்று வைத்திருக்கும் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கும்படி சொன்னார். மறுபக்கத்தில் ஜெனுஷன் ஏதோ கேட்க, இல்லை, அவள் விடவில்லை, வேறொன்றுக்குப் போய்விட்டாள் என்றார். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

பின்னேரம் நாலு மணிக்குச் சரோஜினிதேவி வந்தார். மடங்காத காலை நீட்டிக்கொண்டு கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். நிலக்சனாவும் எழும்பி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். வீடு நல்ல குளிர்ச்சி என்றார் சரோஜினிதேவி. பிறகு வந்த விசயத்துக்கு வந்தார்.

வரும் செவ்வாய்க்கிழமை காரைநகர் வெளிச்சவீட்டில் படப்பிடிப்பு. மேல் வட்ட மாடத்தில் இருந்து நிலக்சனா கயிற்றில் கீழே பாய வேண்டும். கப்பியில் ஓடும் கயிற்றின் மற்ற நுனியைக் கீழே நாலு பேர் பிடித்து, அவள் வரும் வேகத்தை அளந்து விட வேண்டும். மூன்று பேர் தன்னோடு பாரிசில் இருந்து வந்தவர்கள். அந்தக் கயிற்றைப் பிடிக்கும் நாலாவது ஆளாகத் தன் தகப்பன்தான் வேண்டும் என்று நிலக்சனா கேட்டிருக்கிறாள்.

அன்ரனிதாஸ் மகளைப் பார்த்தார். அவள் கால் விரலில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஏலாதெண்டுதான் சொன்னனான் அண்ணை," என்றார் சரோஜினிதேவி மறைக்காமல். "இண்டைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எப்பிடி ஓம் எண்டுறது? ஆனால் அவ ஒண்டு சொன்னா. அந்தத் துறையில நிண்ட ஆக்களுக்குள்ள அவன் வழுக்கினதைக் கண்டது அப்பா ஒராள்தானாம். நாங்கள் எல்லாரும் கமராவுக்குள்ள பார்த்துக்கொண்டு நிண்டமாம். அது உண்மை. நானும் காணேல்லை."

ஜசிந்தா குசினி வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு உயரம் என்று கேட்டாள். சரோஜினிதேவி சொன்னார். ஜசிந்தா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்ரனிதாஸ் உயரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டார். பன்னிரண்டுக்கும் நாலுக்கும் இடையில் என்றார் சரோஜினிதேவி. புதன்கிழமைக்கோ அதற்குப் பிறகோ தள்ள ஏலாதா என்று கேட்டார். ஏலாது, அனுமதி அந்த ஒருநாளைக்குத்தான்.

அவர் எழும்பி முற்றத்துக்குப் போய் நின்று தென்மேற்கே வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து சரோஜினிதேவியின் முன்னால் நின்றார்.

"திங்கள் செவ்வாயில சோளகக் காத்து எழும்பும். கடல்மட்டத்தில இருக்கிற காத்தில்லை அந்த உச்சியில இருக்கிறது. கயிறு நான் பிடிக்கிறன். ஆனால் அண்டைக்கு அவ பாயிறதோ, பாயாமல் இறங்கி வாறதோ எண்டதைக் காத்தைப் பார்த்து நான்தான் சொல்லுவன். டைரக்டர் இல்லை, நீங்களும் இல்லை."

சரோஜினிதேவி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். இருபத்தைந்து வருடத்தில், பாயலாம், பாயக் கூடாது என்ற அந்தச் சொல்லை அவர் இன்னொருவரின் கையில் கொடுத்ததில்லை. விழுகிறவர்களின் உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது. அவர் நிலக்சனாவைப் பார்த்தார். பிறகு அன்ரனிதாசின் தோல் உரிந்த விரல் முட்டிகளைப் பார்த்தார். கடைசியில், ஓம் என்றார்.

சரோஜினிதேவி போன பிறகும் அன்ரனிதாஸ் வாசல் படலையடியில் நின்றார். வேலிக்கு அப்பால் பனைகள் வரிசையாக நின்றன. வருடத்தின் இந்த நாட்களில் இந்த நேரத்துக்கு அவை கொஞ்சமாவது சலசலக்க வேண்டும். ஒரு ஓலைகூட அசையவில்லை. இப்படி அடங்கிக் கிடக்கும் காற்று எழும்பும்போது ஒரேயடியாக எழும்பும்.

அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.